இத்தாலியின் 40 ஆம் இலக்கச் சட்டமும் எங்கள் சிகிச்சையும்

இத்தாலியில் பிள்ளை உண்டாவதற்கான செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகள், போடப்போகும் ஊசியின் பெயரை அறிவதற்கு முன்பே 'லெஜ்ஜே குவராந்தா' என்ற பெயரைக் கேட்டுவிடுவார்கள். 2004 பெப்ரவரி 19 ஆம் திகதியிட்ட 40 ஆம் இலக்கச் சட்டத்தை அங்குள்ள மருத்துவர்களும் தாதியரும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். அந்தச் சட்டம் அதன் மிகக் கடுமையான வடிவில் இருந்தபோது ஒருமுறையும், அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் பகுதிகளை வெட்டத் தொடங்கிய பின்னர் மறுமுறையும் நானும் என் கணவரும் பலேர்மோவில் சிகிச்சை பெற்றோம். அதற்குப் பிறகு, அந்நகரில் வாழும் நம்மவர்கள் சிலருக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதற்காக மருத்துவ நிலையங்களுக்குக் கூடச் சென்று வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலிக்கு வந்து வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்புமாக வாழ்பவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழில் சொல்ல ஆளில்லை என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இத்துறைக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2004 க்கு முன்னர் இத்தாலியில் இச்சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ரோமில் செவெரீனோ அந்தினோரி என்ற மருத்துவரின் சிகிச்சையால் 1994 இல் அறுபது வயதைக் கடந்த பெண் ஒருவர் பிள்ளை பெற்றது உலகச் செய்தியானபோது, கேட்பாரற்ற நிலை இனியும் கூடாது என்ற குரல் எல்லாத் தரப்பிலிருந்தும் எழுந்தது. ஆனால் பிரதமர் பெர்லுஸ்கோனியின் ஆட்சிக் காலத்தில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மருத்துவ ஒழுங்குமுறையாக இருக்கவில்லை. ஆளும் கட்சியினரோடு எதிர்க்கட்சியிலிருந்த கத்தோலிக்க உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களித்த அந்தச் சட்டத்தின் முதற் பிரிவே, சிகிச்சையில் தொடர்புடைய அனைவரின் உரிமைகளையும், கருவில் உருவானவரின் உரிமை உட்பட, பாதுகாப்பதாகச் சொல்லித் தொடங்குகிறது. மற்ற விதிகளெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை.

திருச்சபையின் போதனையை அப்படியே எடுத்துக்கொண்டால் இச்சிகிச்சையே கூடாது. கணவன் மனைவியின் உறவுக்கு வெளியே, ஆய்வுகூடத்தில் கருவை உண்டாக்குவதை வத்திக்கான் 1987 இலேயே எழுத்தில் நிராகரித்துவிட்டது. அரசியல்வாதிகள் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை, அந்தப் போதனையை விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஆகவே சிகிச்சையை அனுமதித்து, அது பலிப்பதற்குத் தேவையானவற்றைத் தடுத்தார்கள். இது விசுவாசத்துக்கும் உண்மையாக இல்லை, மருத்துவத்துக்கும் உதவவில்லை என்பது என் எண்ணம்.

2004 இல் விதித்த தடைகள் இவை. ஒரு தடவையில் மூன்று முளையங்களுக்கு (முட்டையும் விந்தும் சேர்ந்து உருவாகும் ஆரம்பக் கருக்களுக்கு) மேல் உருவாக்கக்கூடாது. உருவானவை அனைத்தையும் ஒரே நேரத்தில் கருப்பையில் வைக்க வேண்டும். முளையத்தை உறையவைத்துப் பாதுகாக்கக்கூடாது, கருக்கட்டும் வேளையில் முன்கூட்டி அறிய முடியாத கடுமையான உடல்நலக் காரணம் பெண்ணுக்கு ஏற்பட்டாலே அதற்கு விலக்கு. வேறொருவரின் விந்தையோ முட்டையையோ பயன்படுத்தக்கூடாது. முட்டையும் விந்தும் சேர்ந்த கணத்திலிருந்து சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. தனித்து வாழும் பெண்ணுக்கும் ஒருபாலினத் தம்பதிகளுக்கும் சிகிச்சையே இல்லை.

மூன்று என்ற எண் எவ்வளவு பொருளற்றது என்பதை இச்சிகிச்சையைப் பெற்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊசி மருந்தால் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளை எடுப்பதற்குக் காரணம், எடுத்த எல்லாம் கருக்கட்டுவதில்லை, கருக்கட்டிய எல்லாம் வளர்வதில்லை என்பதுதான். இளம் பெண்ணுக்கு மூன்றையும் ஒன்றாக வைத்தால் மூன்று பிள்ளைகள் ஒரே சூலில் தங்கி, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து வரலாம். நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கோ மூன்று முட்டையில் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். எந்த உடலுக்கு எத்தனை என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடத்தில் சட்டம் எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்தது.

எனக்கு முட்டை எடுத்த அன்று, மயக்கம் தெளிந்து படுத்திருந்தபோது, ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் உயிரியலாளர் ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். என் இத்தாலிய மொழி அப்போது சந்தைக்கும் சமையலறைக்கும் போதுமானதாகவே இருந்ததால் அவர் படம் வரைந்து விளக்கினார். எடுத்த முட்டைகளைச் சிறு வட்டங்களாக வரிசையில் போட்டார். அவற்றில் மூன்றைச் சுற்றிப் பெரிய வளையம் இட்டார். மிச்சம் இருந்தவற்றின் மேல் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்தார். எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன். நுண்ணோக்கியில் பார்க்க நல்லதாகத் தெரிந்தவற்றை எடுத்தோம், ஆனால் வெளித்தோற்றத்தை வைத்து முட்டையின் உள்நிலையை உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். முட்டைகளைக் கருக்கட்டாமலே உறையவைக்கும் முறையை, இந்தச் சட்டத்தைச் சுற்றிப் போகும் வழியாக, இத்தாலிய மருத்துவர்கள் அக்காலத்தில் முனைந்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நாங்கள் போன நிலையத்தில் அந்த வசதி இருக்கவில்லை. கோடு கிழித்தவை கழிவோடு போயின. வளையத்துக்குள் இருந்தவற்றில் ஒன்று வளரவே இல்லை. மற்ற இரண்டையும் வைத்தார்கள், தங்கவில்லை.

இதற்கு முன்னரே, இந்த விதிகளை மாற்றக்கூடிய ஒரு வாய்ப்பு வந்து போயிருந்தது. 2005 ஜூன் 12, 13 ஆம் திகதிகளில் சட்டத்தின் நான்கு பகுதிகளை நீக்குவதற்கான சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. இத்தாலியில் இத்தகைய வாக்கெடுப்புச் செல்லுபடியாவதற்கு, வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்க வேண்டும். 1974 இல் விவாகரத்து தொடர்பாகவும் 1981 இல் கருக்கலைப்புத் தொடர்பாகவும் நடந்த வாக்கெடுப்புகளில் நேருக்கு நேர் நின்று தோற்றிருந்த திருச்சபை, இம்முறை 'இல்லை' என்று வாக்களிக்கும்படி கேட்கவே இல்லை. ஆயர் பேரவையின் தலைவராக இருந்த கர்தினால் கமில்லோ ரூயினி வாக்களிக்கவே போகவேண்டாம் என்றார். புதிதாகப் பதவியேற்றிருந்த பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் ஆயர்களுக்குத் துணையாகப் பேசினார். எதிர்ப்பவர்களையும் அக்கறையற்றவர்களையும் கடற்கரைக்குப் போனவர்களையும் ஒரே பக்கத்தில் எண்ணவைக்கும் இந்த உத்தி மிகச் சாமர்த்தியமானது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நூற்றுக்கு 26 பேர்கூட வரவில்லை. தெற்கில் அதைவிடவும் குறைவு. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நீக்கவேண்டும் என்று வாக்களித்தும் அது கணக்கில் சேரவில்லை.

வதிவிட அனுமதியில் வாழ்ந்த எங்களுக்கு வாக்கு இல்லை. நான் பராமரித்து வந்த மூதாட்டிக்கு இருந்தது. அவரை நான் 'நோன்னா', அதாவது பாட்டி, என்றுதான் அழைப்பேன். எனக்குப் பிள்ளை கிடைக்கவேண்டும் என்று பலேர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவுக்கு ஒன்பது நாள் செபம் சொன்னவர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேசையில் அமர்ந்தவரிடம், வாக்களிக்கப் போகவில்லையா என்று கேட்டேன். "பாதிரியார் வீட்டில் இருக்கச் சொன்னார், மகளே. இது உயிர் விடயம், வாக்குப் போட்டுத் தீர்ப்பதல்ல" என்றார். நான் ஏன் வைத்தியசாலைக்குப் போய் வருகிறேன் என்பதும் அந்த வாக்கெடுப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. தமக்குக் கீழ்ப்படியும் கிழவிகளிடம் பாதியை மட்டும் சொன்னவர்கள்மீது இன்றும் உண்டு.

நான் மதத்துக்கு எதிரானவள் அல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்தவளாயினும், பலேர்மோத் தமிழர் பலரைப் போல நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன். நம்மவர்களில் இந்துவும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே அந்த மலைக்குப் போகிறோம். கும்பிடுவது என் விருப்பம், என் சூலகத்துக்கு எண் குறிப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குச் சிரமம் இருந்ததில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்தது.

பாராளுமன்றமும் வாக்கெடுப்பும் செய்யாததை நீதிமன்றங்கள் செய்தன, ஆனால் ஒவ்வொரு படியும் ஏதோவொரு தம்பதியின் தனிப்பட்ட வழக்கின் மீது ஏறித்தான் வந்தது. சிசிலியிலும் சார்தீனியாவிலும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் அதிகம். கணவன் மனைவி இருவரும் அதன் காவிகளாக (நோயின் மரபணுவைத் தாங்கியவர்களாக) இருந்த ஒரு தம்பதி, முளையத்தைப் பரிசோதித்து வைக்கும்படி கேட்டபோது, கத்தானியா நீதிமன்றம் 2004 இல் மறுத்துவிட்டது. 2007 இல் காக்லியாரி நீதிமன்றம் இதேபோன்ற கோரிக்கையை ஏற்றது. 2009 இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 151 ஆம் இலக்கத் தீர்ப்பு மூன்று என்ற எண்ணையும் 'அனைத்தையும் ஒரே நேரத்தில்' என்ற கட்டாயத்தையும் நீக்கி, பெண்ணின் உடல்நலத்துக்குக் கேடில்லாமல் சிகிச்சை நடக்கவேண்டும் என்றது. நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் காவிகளான இன்னொரு தம்பதி ஸ்திராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2012 இல் வென்றனர். வைக்குமுன் பரிசோதிக்கத் தடைவிதித்துவிட்டு, அதே நோய்க்காகக் கருவைப் பின்னர் கலைக்க அனுமதிக்கும் சட்டம் முன்னுக்குப் பின் முரணானது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. தானமாகப் பெறும் முட்டை, விந்து மீதிருந்த தடை 2014 இல் போனது. கடும் பரம்பரை நோயுள்ள, ஆனால் இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய தம்பதிகளுக்கு 2015 இல் பரிசோதனை உரிமை கிடைத்தது.

இந்த வரிசையைப் பத்திரிகையில் வாசிப்பவருக்கு நீதி முன்னேறுவதாகத் தோன்றும். சிகிச்சைக்குக் காத்திருந்த பெண்களுக்கு அந்தப் பத்தாண்டுகளில் முட்டை தீர்ந்துபோனது. பணம் இருந்தவர்கள் ஸ்பெயினுக்கும் செக் நாட்டுக்கும் போனார்கள். மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்த எங்களைப் போன்றோர் காத்திருந்தோம். ஆகவே கூட வரும் இளம் தம்பதிகளிடம் நான் முதலில் சொல்வது, சட்டம் மாறட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவேண்டாம், முதலில் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையைச் செய்து முட்டைக் கையிருப்பை அறிந்துகொள்ளுங்கள் என்பதே.

அடுத்தது, 2009 தீர்ப்புக்குப் பின்னர் நாங்கள் மறுபடி போனபோது கற்றது. தீர்ப்பு வெளிவந்து மாதங்கள் கழிந்தும், நாங்கள் போன இன்னொரு நிலையத்தில் கையொப்பமிடத் தந்த சம்மதப் படிவத்தில் பழைய மூன்று முளைய விதி அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. அறிமுகமான ஒரு வழக்கறிஞர் சொல்லித்தந்தபடி என் கணவர் தீர்ப்பின் இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டி, "இது சட்டமா, உங்கள் நிலையத்தின் நடைமுறையா, அல்லது உங்கள் மனச்சாட்சியா?" என்று கேட்டார். மருத்துவர் சிறிது நேரம் படிவத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தம் கையொப்பத்தை இட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் விடை வேறு, செய்யவேண்டியதும் வேறு. சட்டம் என்றால் எந்தப் பிரிவு என்று கேட்கலாம். உறையவைக்கும் வசதி இல்லை, ஆளில்லை என்பது போன்ற நடைமுறைக் காரணம் என்றால் வேறு நிலையத்துக்குப் போகலாம். மனச்சாட்சி என்றால், சட்டத்தின் 16 ஆம் பிரிவு ஊழியருக்கு அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் அவர் அதை முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும், சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான பராமரிப்பை அதைச் சொல்லி மறுக்கவும் முடியாது. பல இடங்களில் இம்மூன்றையும் 'முடியாது' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்மதம் தெரிவிப்பதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையில் குறைந்தது ஏழு நாட்கள் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அந்த நாட்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துங்கள். கணவருக்கு இத்தாலியம் நன்றாகத் தெரியும் என்பதால் மனைவிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நினைப்பது சரியல்ல, கையொப்பம் இருவருடையதும். மருத்துவர் தத்தெடுத்தலைப் பற்றிப் பேசினால் உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று பதற வேண்டாம், அதைச் சொல்வது சட்டப்படி அவர் கடமை. இன்னொரு சிறு விடயம், நம்மவர்களுக்கு மட்டுமே வருவது. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும் முதலெழுத்தாகவும் மாறி மாறி வருவதால், திருமணச் சான்றிதழ், கடவுச்சீட்டு, 'கோதிச்சே பிஸ்காலே' எனப்படும் வரி இலக்க அட்டை மூன்றிலும் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருக்கும். தம்பதி என்று நிறுவவேண்டிய சிகிச்சையில் இது பெரிய தடங்கலாகிவிடும். முதற் சந்திப்புக்கு முன்பே சரிசெய்து வையுங்கள்.

வெளிநாட்டுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 40 ஆம் இலக்கச் சட்டத்தின் தண்டனைகள் சிகிச்சை அளிப்பவர்மீதே விழுந்தன, பெற்றுக்கொள்ளும் தம்பதியைத் தண்டிக்கவில்லை. அதனால்தான் அத்தனை பேர் ஸ்பெயினுக்குப் போய்வர முடிந்தது. வாடகைத்தாய் விடயத்தில் இந்த நிலை மாறிவிட்டது. 2024 ஒக்ரோபரில் பிரதமர் மெலோனியின் அரசாங்கத்தில் செனற் சபை நிறைவேற்றிய சட்டப்படி, இத்தாலியக் குடியுரிமை உள்ளவர் அதை உலகின் எந்த மூலையில் செய்தாலும் இங்கே குற்றம். சிறைத்தண்டனையும் ஆறு இலட்சம் முதல் பத்து இலட்சம் யூரோ வரை அபராதமும் உண்டு. இங்கு பிறந்து வளர்ந்து குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளுக்குச் சென்னையில் ஏற்பாடு செய்து தருவதாக உறவினர் யாராவது சொன்னால், பணத்துக்கு நடக்கும் வாடகைத்தாய் முறையை இந்தியாவின் 2021 ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணையின்றித் தனித்து வாழும் பெண்களுக்கான சிகிச்சைத் தடை இன்னும் நிற்கிறது. அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2025 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, விரும்பினால் பாராளுமன்றம் மாற்றலாம் என்றும் சொன்னது. 2004 இல் பாராளுமன்றம் என்ன செய்தது என்று பார்த்தவள் என்ற முறையில், அதை நம்பி இருக்கும்படி என் பெறாமகளுக்கு நான் சொல்லவில்லை. அவள் ஸ்பெயினில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் மகள், இரண்டாவது சிகிச்சையில் உறையவைத்த முளையம் ஒன்றிலிருந்து பிறந்தவள். அதோடு உருவான வேறு சில இன்னும் அந்த நிலையத்தில் இருக்கின்றன. உறையவைப்பதற்கு முன் இருவரும் நிதானமாகப் பேசவேண்டியது இதைத்தான். இத்தாலியில் முளையத்தை அழிக்கக்கூடாது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் கூடாது. ஒரு பெண் தன் முளையங்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்பி ஸ்திராஸ்பூர் வரை போய் 2015 இல் தோற்றார். 2023 இன் 161 ஆம் இலக்கத் தீர்ப்பின்படி, கருக்கட்டிய பின் கணவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது, பிரிந்து வாழ்ந்தாலும் மனைவி கேட்டால் முளையத்தை வைக்கலாம். குடும்பத்தில் பிணக்கு வந்தால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கையொப்பமிடும் ஆண்களில் பலர் உணர்வதில்லை. அதனால் எத்தனை முட்டைகளைக் கருக்கட்டுவது, எத்தனையை முட்டையாகவே உறையவைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முட்டைகளைப் பின்னர் விட்டுவிடலாம், முளையங்களை விடமுடியாது.

முளையங்களைத் தொடர்ந்து உறையவைத்துப் பாதுகாப்பது தொடர்பாக நிலையத்திலிருந்து ஒரு கடிதம் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது, 'வைத்திருங்கள்' என்று எழுதி அனுப்புகிறோம். வீடு மாறினால் புதிய முகவரியைப் பதிவுத் தபாலில் அவர்களுக்கு அறிவியுங்கள், ரசீதைச் சம்மதப் படிவத்தின் பிரதியோடு வையுங்கள்.